பம்பைக் கழற்றும் முன்: செயின் வண்டி கேள்வி–பதில்

சென்ற இதழில் செயின் வண்டிகளில், அதாவது செயினில் நகர்ந்து மண் அள்ளுகிற எக்ஸ்கவேட்டர்களில், ஆயில் தள்ளி வண்டியை இயக்குகிற ஹைட்ராலிக் பம்பின் கண்ட்ரோல் ஒயரிங் பற்றி ஒரு பக்கம் எழுதி, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கடிதங்களும் வாட்ஸ்அப் குரல்பதிவுகளும் நிறைய வந்திருக்கின்றன. எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் நம் கடலூர்ப் பக்கம் அதற்கு ‘ஹிட்டாச்சி’ என்றுதான் பெயர். குழப்பம் வராமலிருக்க இங்கே ‘செயின் வண்டி’ என்றே எழுதுகிறேன்.

வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே வரி இருக்கிறது: “பம்ப் போய்விட்டது என்கிறார்கள்.” முதுநகரில் கடை வைத்து, 30 வருடத்துக்கு மேல் இந்த வண்டிகளின் எலக்ட்ரிக்கல் வேலை மட்டுமே பார்க்கிற எனக்கு அந்த வரியைப் படித்தாலே மனம் பதறுகிறது. ஏன் என்பது முதல் பதிலிலேயே தெரியும்.

கேள்வி: ஐயா, எங்களிடம் 20 டன் செயின் வண்டி ஒன்று இருக்கிறது. காலையில் நன்றாக ஓடுகிறது. பதினொரு மணிக்கு மேல் பூம் கையைத் தூக்கிக்கொண்டே மேல்பாகத்தைச் சுற்றி ஸ்விங் அடித்தால் இன்ஜின் அமுங்குகிறது, சில நேரம் நின்றேவிடுகிறது. மானிட்டரில் ஒரு எரர் கோடு வந்து வந்து மறைகிறது. பார்த்த மெக்கானிக், பம்ப் தேய்ந்துவிட்டது, இறக்கி வேலை பார்க்க இரண்டரை லட்சம் ஆகும் என்கிறார். கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும். செய்யலாமா?
— வண்டி உரிமையாளர், நெல்லிக்குப்பம்

பதில்: கடன் வாங்க வேண்டாம். பம்பையும் இப்போது இறக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கிற குறை, தேய்ந்த பம்பின் குறை மாதிரி இல்லை.

தேய்ந்த பம்ப் உள்ளுக்குள்ளேயே ஆயிலைக் கசியவிடும். அதனால் பூம் மெதுவாக ஏறும், செயின் இழுக்காது, ஆயில் சூடாகும். ஆனால் இன்ஜின் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் வண்டியில் நடப்பது நேர்மாறு. பம்ப் இன்ஜினிடம் அளவுக்கு மீறிக் கேட்கிறது. இல்லையென்றால் இன்ஜினிடம் கொடுக்க சக்தி இல்லை. இரண்டில் ஒன்றுதான்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 20 டன் வண்டியில் இரண்டு பம்பும் சேர்ந்து நிமிடத்துக்கு 400 லிட்டர் சுமாருக்கு ஆயில் தள்ளும். அதை 320 பார் பிரஷரில் தள்ள வேண்டுமென்றால் 213 கிலோவாட் சக்தி தேவை. அந்த வண்டியின் இன்ஜின் 110 கிலோவாட்டை ஒட்டித்தான் இருக்கும். அதாவது பம்ப் முழுக்கத் திறந்து, முழு லோடும் ஏறினால் இன்ஜினால் முடிவதைப் போல் இரண்டு மடங்கு கேட்கும். அதைக் கேட்கவிடாமல் அடக்கி வைப்பதற்குத்தான் கண்ட்ரோலர் என்கிற கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. இன்ஜின் சுற்று குறைவதைப் பார்த்ததும் அது பம்பின் மேல் இருக்கிற ஒரு சின்ன வால்வின் மின்காந்தக் காயிலுக்குக் கரண்டைக் கூட்டும். அந்த வால்வு விடுகிற பைலட் பிரஷர் (கட்டளை சொல்கிற சின்ன ஆயில் பிரஷர்), பம்பின் ரெகுலேட்டருக்குப் போய், பம்புக்குள் இருக்கிற ஸ்வாஷ் பிளேட் என்ற தட்டின் சாய்வைக் குறைக்கும். ஆயில் குறையும், இன்ஜின் மூச்சு விடும். இத்தனைக்கும் காயிலில் ஓடுகிற கரண்ட் பெரும்பாலான வண்டிகளில் 1 ஆம்பியரைத் தாண்டாது.

அந்தக் கரண்ட் போய்ச் சேரவில்லை என்றால்? இந்த வகை வண்டியில் பம்ப் கேட்பாரில்லாமல் முழுக்கத் திறந்துகொள்ளும், இன்ஜின் அமுங்கும். வேறு சில கம்பெனி வண்டிகளில் ரெகுலேட்டர் தலைகீழாக வேலை செய்யும். அங்கே கரண்ட் வராமல் போனால் பம்ப் சுருங்கி வண்டி ஆமையாகிவிடும். உங்கள் வண்டி எந்த வகை என்று சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இன்ஜின் மேல் இருக்கிற சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டேங்கில் தண்ணீர், அரை நாளில் முடிகிற வேலை. அடுத்து, கேபினில் எமர்ஜென்சி பம்ப் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் சீட்டுக்குப் பின்னால் மூடி போட்டு இருக்கும், ஆபரேட்டருக்கே தெரியாது. அதைப் போட்டால் கண்ட்ரோலரை விலக்கிவிட்டு, ஒரு ரெசிஸ்டர் வழியாகக் காயிலுக்கு நிலையான ஒரு கரண்ட் போகும்.

சுவிட்சைப் போட்டதும் வண்டி ஒழுங்காக ஓடினால் பம்ப், ரெகுலேட்டர், வால்வு, காயில், அங்கே போகிற ஒயர் எல்லாமே நல்லவை. கோளாறு கண்ட்ரோலர் பக்கத்தில், அல்லது அதற்குச் செய்தி சொல்கிற சென்ஸரில். சுவிட்ச் போட்ட பிறகும் இன்ஜின் அமுங்கினால் பலரும் “பார்த்தாயா, பம்ப்தான்” என்று ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு. சுவிட்சிலிருந்து காயிலுக்குப் போவதும் அதே ஒயர்தானே? ஒயரில் கோளாறு என்றால் இரண்டு வழியிலும் வண்டி அமுங்கத்தான் செய்யும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் பெருமாள் ஏரியில் தூர்வாரும் வேலைக்கு வந்திருந்த ஒரு வண்டி. உங்களுடைய அதே குறை. எமர்ஜென்சி சுவிட்சிலும் அமுங்கியது என்று பம்பை இறக்கி, வேலை பார்த்து, திரும்ப ஏற்றியிருந்தார்கள். மறுநாளே அதே அமுக்கம். உரிமையாளர் வீட்டு நகையை அடகு வைத்து அந்த வேலையைச் செய்திருந்தார். என்னைக் கூப்பிட்டபோது அவர் பேசவே இல்லை, ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து ஒயரின் இரண்டு முனையையும் தொட்டேன். ‘பீப்’ அடித்தது. ஒயர் நல்லது என்று எழுதிவைத்துக்கொண்டேன். அந்த ஒரு பீப்பை நம்பி ஒரு பகல் முழுக்க வீணாக்கினேன். பஸ்ஸர் எத்தனை ஓமுக்கு அடிக்கும் தெரியுமா? பல மீட்டர்களில் 30, 40 ஓம் இருந்தாலும் அடிக்கும். காயிலே 10 ஓம்தான். ஒயரில் 30 ஓம் இருந்தால் மொத்தம் 40. 24 வோல்ட்டை 40 ஆல் வகுத்தால் 0.6 ஆம்பியர். கண்ட்ரோலர் 0.9 கொடுக்க நினைத்தாலும் அதற்குமேல் போக வழியில்லை. பம்ப் பாதிதான் அடங்கும்.

மறுநாள் லாரி இண்டிகேட்டரில் போடுகிற 24 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை எடுத்துப்போனேன். அந்த பல்பு எடுப்பது கிட்டத்தட்ட 0.9 ஆம்பியர், காயில் கேட்கிற அதே கரண்ட். ஒயரின் இரண்டு முனையையும் சாக்கெட்டிலிருந்து பிரித்து, ஒரு முனையில் பேட்டரி 24 வோல்ட் கொடுத்து, மறுமுனையில் பல்பைக் கட்டி எர்த் செய்தேன். மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி மங்கலாக எரிந்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். கேபின் தரைக்கு அடியில் ஒரு இடத்தை அசைத்ததும் பல்பு பளிச்சென்று எரிந்து மறுபடி மங்கியது. இன்சுலேஷன் டேப்பைப் பிரித்தேன். யாரோ எப்போதோ போட்ட முறுக்கு ஜாயிண்ட். அந்த வண்டி முன்பு கடற்கரையில் கல் கொட்டும் வேலையில் இருந்ததாம். உப்புக் காற்றில் செம்பு பச்சைப் பொடியாகியிருந்தது. ஒயருக்கு ஆன செலவு நூறு ரூபாய்கூட இல்லை. அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷப்படவே முடியவில்லை. பத்து நாள் முன்னால் யாராவது ஒரு பல்பைக் கட்டிப் பார்த்திருந்தால் நகை வீட்டிலேயே இருந்திருக்கும்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். காலையில் நன்றாக இருந்து சூடான பிறகு கெடுகிறது என்பதால் காயிலையும் சந்தேகப்பட வேண்டும். காலையில் இன்ஜின் போடும் முன் காயிலின் ஓமை அளந்து குறித்துவையுங்கள். குறை வந்த உடனே, சூட்டோடு மறுபடி அளங்கள். செம்பு சூடானால் ஓம் ஏறுவது இயல்பு. 25 டிகிரியில் 10 ஓம் காட்டியது 80 டிகிரியில் 12 ஓம் சுமாருக்குக் காட்டும், அது நல்ல காயில். 30, 50 என்று தாவினாலோ, அளவே காட்டாமல் போனாலோ உள்ளே கம்பி அறுந்து, சூட்டில் விலகுகிறது. காயிலை மட்டும் மாற்றினால் போதும். அப்புறம் பல்பு. பல்பு எரியும்போது ஒயரின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நடுவே வோல்ட் அளந்தால் கால் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

இத்தனையும் தேறினால் மட்டும் பைலட் பிரஷருக்கு கேஜ் போடுங்கள். பம்பைத் தொடுவது அதற்கும் பிறகுதான். எரர் கோடையும் மறக்காமல் எழுதிவையுங்கள். தேய்ந்த பிஸ்டனைக் கண்ட்ரோலரால் பார்க்க முடியாது. ஒயரில் கரண்ட் சரியாக ஓடாததைப் பார்க்க முடியும். உங்கள் மானிட்டர் அந்தச் சமயத்தில் கோடு காட்டுகிறது என்பதே ஒயர் பக்கம் தேடுங்கள் என்று சொல்வதுதான்.

கேள்வி: அண்ணே, மேட்டுப்பாளையம் டிரக் டெர்மினல் பக்கம் மெக்கானிக்காக இருக்கிறேன். பம்ப் வால்வின் சாக்கெட்டைக் கழற்றி, சாவி போட்டு, இரண்டு பின்னிலும் மீட்டர் வைத்தால் வோல்ட்டே வரவில்லை. ஒருமுறை மாட்டிக்கொண்டே அளந்தபோது 7 வோல்ட், 9 வோல்ட் என்று ஆடியது. 24 வரவே இல்லை. கண்ட்ரோலர் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாமா?
— புதுச்சேரி

பதில்: வைத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. நீங்கள் பார்த்தது எல்லாமே நல்ல கண்ட்ரோலரிலும் அப்படித்தான் இருக்கும்.

இந்த வால்வுக்குக் கண்ட்ரோலர் 24 வோல்ட்டை அப்படியே கொடுப்பதில்லை. வினாடிக்கு நூறு தடவைபோல விட்டு விட்டுக் கொடுக்கிறது. கொடுக்கிற நேரத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் கரண்டைக் கூட்டிக் குறைக்கிறது. மீட்டர் அதைச் சராசரியாக்கி 7, 9 என்று காட்டும். சாக்கெட்டைக் கழற்றினால் கரண்ட் ஓடவில்லை என்று கண்ட்ரோலருக்குத் தெரிந்துவிடும். உடனே ஒயர் அறுந்துவிட்டது என்று முடிவெடுத்து வெளியீட்டையே மூடிக்கொள்ளும், கோடும் போடும். பல வண்டிகளில் திரும்ப மாட்டினாலும் சாவியை ஆஃப் செய்து போட்டால்தான் திறக்கும். இது தெரியாமல் நல்ல கண்ட்ரோலர்களை மாற்றிய கடைகள் உண்டு.

அளக்க வேண்டியது வோல்ட் அல்ல, கரண்ட். காயிலும் கண்ட்ரோலரும் மாட்டியபடி இருக்க, ஒரு ஒயரை மட்டும் நடுவில் பிரித்து மீட்டரை வரிசையில் சேர்க்க வேண்டும். இதற்கென்று ஒரு சோடி சாக்கெட் வாங்கி, நடுவில் ஒயரை வெளியே எடுத்து ஒரு டீ அடாப்டர் செய்துகொள்ளுங்கள். வண்டியின் ஒயரை வெட்டவோ குத்தவோ வேண்டாம். ஊசி குத்திய ஓட்டை வழியாக நம் ஊர்க் காற்றே உள்ளே போய் ஒயரைத் தின்றுவிடும். பிறகு இன்ஜினைப் போட்டு, இன்ஜின் வேக டயலைக் குறைத்துக் கூட்டிப் பாருங்கள், வேலை மோடை மாற்றிப் பாருங்கள். கரண்ட் அதற்கேற்ப மாறினால் கண்ட்ரோலர் உயிரோடு இருக்கிறது, தன் வேலையைச் செய்கிறது. மாறுகிற அளவு சரியா என்பதற்கு அந்த வண்டியின் புத்தக அட்டவணைதான் சாட்சி.

தொடங்கும் முன் மீட்டரின் 10 ஆம்பியர் ஃபியூஸ் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபியூஸ் போன மீட்டரை வரிசையில் சேர்த்தால் வழியையே அறுத்துவிடும். சுழி காட்டும், கண்ட்ரோலர்மேல் பழி விழும்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். காயில் வேலை செய்கிறதா என்று பார்க்க பேட்டரியிலிருந்து நேராக 24 வோல்ட் கொடுக்கிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. 10 ஓம் காயிலில் அது 2.4 ஆம்பியர். 1 ஆம்பியருக்காகச் செய்த காயில் அது. நல்ல காயில் சோதனையிலேயே கருகிப்போய், “பார், காயில்தான் போயிருந்தது” என்று பெயர் வாங்கும். அதே 21 வாட் பல்பை வரிசையில் சேர்த்துக் கொடுத்தால் கரண்ட் அடங்கும். இன்ஜின் ஓடும்போது அதைக்கூடச் செய்யாதீர்கள். பம்ப் சட்டென்று மாறி பூம் குதித்தால் பக்கத்தில் நிற்பவர் கதி என்ன?

கேள்வி: ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை பெருகியபோது எங்கள் வண்டி இடுப்பளவு தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. காயவைத்து ஓட்டினோம், ஓடியது. இப்போது மழை பெய்தாலும் வண்டியைக் கழுவினாலும் ஒரே நேரத்தில் ஐந்தாறு கோடு வருகிறது. எல்லா சென்ஸரும் ஒன்றாகவா போகும்?
— பாகூர்

பதில்: போகாது. அதைக் கேட்கத் தோன்றியதே நல்லது. ஐந்தாறு கோடு ஒன்றாக வந்தால் அந்த ஐந்தாறு பேருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேட வேண்டும்.

பிரஷர் சென்ஸர்கள் பெரும்பாலும் மூன்று ஒயர். ஒன்றில் 5 வோல்ட் போகும், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். பிரஷர் இல்லாதபோது சிக்னல் அரை வோல்ட்டை ஒட்டி இருக்கும், முழு பிரஷரில் 4.5. சுழியும் 5-ம் வரவே கூடாத எண்கள். அவை வந்தால் ஒயர் அறுந்தது அல்லது ஒட்டிக்கொண்டது என்று கண்ட்ரோலர் புரிந்துகொள்ளும். இந்த 5 வோல்ட்டும் எர்த்தும் பல சென்ஸர்களுக்குப் பொது. ஒரு சாக்கெட்டுக்குள் தண்ணீர் நின்று 5 வோல்ட்டை எர்த்தோடு ஒட்டவைத்தால் போதும், எல்லா சென்ஸரும் சேர்ந்து விழும். குற்றவாளி ஒருவன், கோடு எல்லோர் பெயரிலும்.

ஏதாவது ஒரு சென்ஸர் சாக்கெட்டில் 5 வோல்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் மீட்டரை வைத்துக்கொள்ளுங்கள். குறை இருக்கும்போது 1, 2 என்று குறைவாகக் காட்டும். ஒருவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் மற்ற சென்ஸர்களை ஒவ்வொன்றாகக் கழற்றட்டும். எதைக் கழற்றியதும் 5 திரும்ப வருகிறதோ அங்கேதான் கோளாறு. எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை என்றால் ஹார்னெஸ் (ஒயர்க் கட்டு), கடைசியாகத்தான் கண்ட்ரோலர். 5 வோல்ட் பின்னுக்கும் பாடிக்கும் நடுவே 5 சரியாக இருந்து, சிக்னல்கள் எல்லாம் மேலே ஏறி நின்றால் பொது எர்த் விட்டுப்போயிருக்கிறது.

நீங்கள் வெளியே காயவைத்தீர்கள், ஒயருக்குள் காயவில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, சாக்கெட் முனை வழியாகத் தண்ணீர் ஒயரின் உறைக்குள் ஏறிவிடும். ஏறியது மாதக்கணக்கில் உள்ளேயே இருந்து செம்பைக் கறுக்கவைக்கும். தண்ணீருக்குக் கீழே இருந்த அத்தனை சாக்கெட்டையும் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, பின்னின் நிறத்தைப் பாருங்கள். பச்சையோ கறுப்போ இருந்தால் பின்னை மாற்றுங்கள். ஒயரைச் சிறிது உரித்துப் பார்த்து, செம்பு பளபளப்பாகத் தெரிகிற இடம்வரை வெட்டிவிட்டுப் புதுத் துண்டைச் சேர்த்து, உள்ளே பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். இன்சுலேஷன் டேப் கூடாது. ரப்பர் சீல் ஒன்று காணவில்லை என்றாலும் மொத்த உழைப்பும் வீண். அப்புறம் பிரஷர் வாஷரை சாக்கெட் பக்கம் திருப்பாதீர்கள். மழைக்குத் தாங்குகிற சீல் அந்த வேகத்துக்குத் தாங்காது.

இன்னொரு புயல் வராது என்று சொல்ல முடியாது. தானே புயல், ஃபெஞ்சல் புயல் இரண்டையும் நாம்தான் வாங்கிக்கொண்டோம். வண்டி முங்கிவிட்டால், ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசையில் சாவியைத் தொடாதீர்கள். முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. கரண்ட் இல்லாத ஈர சாக்கெட் நாள்கணக்கில் தாங்கும். கரண்டோடு இருக்கிற ஈர சாக்கெட்டில் மணிக்கணக்கிலேயே பின் அரித்துவிடும். கடல் தண்ணீர் என்றால் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் காயவைக்க வேண்டும். நனைந்ததை மறுபடி நனைப்பதா என்று தோன்றும். உப்பு உள்ளேயே காய்ந்துவிட்டால் அப்புறம் எடுக்கவே முடியாது.

கேள்வி: பக்கெட் பல் வெல்டிங் அடித்த மறுநாளிலிருந்து மானிட்டர் எரியவில்லை. சம்பந்தம் உண்டா?
— ஆபரேட்டர், திருவக்கரை குவாரி

பதில்: இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் ஃபியூஸ்களைப் பாருங்கள், கண்ட்ரோலருக்கு 24 வோல்ட்டும் எர்த்தும் வருகிறதா பாருங்கள். அவை இருந்தும் உயிரில்லை என்றால் போர்டு அடிபட்டிருக்கிறது.

வெல்டிங் எர்த்தை செயினில் மாட்டிவிட்டுப் பக்கெட்டில் அடித்தால் நூறு ஆம்பியருக்கு மேலான கரண்ட் பின், பேரிங், ஸ்விங் சர்க்கிள் என்று வண்டி முழுக்க வழி தேடிக்கொண்டு போகும். அது போகிற வழியில் கண்ட்ரோலரின் எர்த் ஒயரும் ஒன்று. அடிக்கிற இடத்துக்கு ஒரு முழத்துக்குள் எர்த் மாட்டுங்கள். பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றுங்கள். கண்ட்ரோலரின் சாக்கெட்டுகளையும் கழற்றுங்கள். பத்து நிமிட வேலை. குவாரியில் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கண்ட்ரோலர் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். பழைய இரும்புக் கடையில் உடைத்த வண்டியின் கண்ட்ரோலர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
— பண்ருட்டி

பதில்: பார்ட் நம்பர் கடைசி எழுத்துவரை ஒத்துப்போனால் யோசிக்கலாம். பெட்டியும் சாக்கெட்டும் ஒரே மாதிரி இருந்தும் உள்ளே இருக்கிற புரோகிராம் வேறாக இருக்கும். வேறு டன்னேஜுக்கான புரோகிராம் உங்கள் பம்பைத் தப்பாக அடக்கும். மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கிறேன் என்று பேசுங்கள்.

அதைவிட முக்கியம், பழையது ஏன் போனது? கண்ட்ரோலர் தானாகச் சாவது குறைவு. காயில் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு 10 ஓமுக்குப் பதில் 2 ஓம் காட்டினால், அல்லது காயில் ஒயர் எங்கோ பாடியைத் தொட்டால், அந்த வெளியீட்டை ஓட்டுகிற டிரான்சிஸ்டர் சாகலாம். காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதியதை மாட்டினால் அதுவும் சாவியைத் திருப்பிய அந்த நொடியிலேயே போகலாம். அதனால் கண்ட்ரோலர் சாக்கெட் பக்கத்திலிருந்தே ஒவ்வொரு காயிலையும் அளங்கள். இரண்டு முனைக்கும் நடுவே புத்தகத்தில் சொன்ன ஓம் இருக்க வேண்டும். எந்த முனைக்கும் பாடிக்கும் நடுவே எதுவும் காட்டக் கூடாது. சார்ஜிங் வோல்ட்டையும் பாருங்கள். 28-ஐ ஒட்டி இருப்பது சரி. 30-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டரை முதலில் மாற்றுங்கள். இதையெல்லாம் முடிக்கும்போது பழைய கண்ட்ரோலர் நன்றாகத்தான் இருந்தது என்று தெரியவந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிக்கிறேன். அப்பா செயின் வண்டி ஆபரேட்டர். எனக்கு இந்த வேலை கற்றுக்கொள்ள ஆசை. பெண்பிள்ளைக்கு இது ஆகுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
— மாணவி, மஞ்சக்குப்பம்

பதில்: அம்மா, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பம்பைத் தூக்குவதற்குச் செயின் பிளாக் இருக்கிறது. எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பதற்குப் பொறுமையும் சுத்தமான கையெழுத்தும் வேண்டும். இந்தத் தொழிலில் ஆளே இல்லாமல் போனது அந்த இடத்தில்தான். தாராளமாக ஆகும் என்று நான் சொன்னதாக வீட்டில் சொல்.

நல்ல மீட்டர் ஒன்று வாங்கு. 10 ஆம்பியர்வரை டிசி கரண்ட் அளக்க வேண்டும், ஃபியூஸ் தனியாக மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். பிறகு அப்பாவின் வண்டிக்கு ஒயரிங் படம் தேடிப் பிடி. படம் பெரிதாகப் பயமுறுத்தும். முழுவதையும் படிக்காதே. பம்ப் வால்வின் காயில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, கண்ட்ரோலரின் எந்தப் பின்னிலிருந்து என்ன நிற ஒயர் கிளம்பி, எந்தெந்த சாக்கெட்டைத் தாண்டி அங்கே போகிறது, எப்படித் திரும்புகிறது என்று தனித்தாளில் உன் கையால் வரை. வரைந்ததை எடுத்துக்கொண்டு, அப்பா வேலை முடித்து இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகு, வண்டியில் அதே ஒயரைக் கையால் தொட்டுக்கொண்டே போ. எங்கே வளைகிறது, எங்கே இரும்பில் உரசுகிறது, எங்கே தண்ணீர் தேங்கும் என்று எழுதிவை.

அடுத்து, நல்ல வண்டியை அளந்து பழகு. கெட்ட வண்டியில் வருகிற எண் கெட்ட எண் என்று தெரிய வேண்டுமானால் நல்ல எண் உன்னிடம் இருக்க வேண்டும். காயில் ஓம் காலையில் எவ்வளவு, மதியம் எவ்வளவு, சென்ஸர் சிக்னல் சும்மா இருக்கும்போது எவ்வளவு, டயலைத் திருப்பினால் எவ்வளவு, ஸ்டார்ட் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுது. அந்தக் கடைசி எண் அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கேபிளைக் கழற்றிச் சுரண்டி மாட்டச் சொல். என்னிடம் இப்படி 19 நோட்டு இருக்கிறது. எந்த வண்டி வந்தாலும் முதலில் புரட்டுவது அதைத்தான்.

ஹோல்டரோடு ஒரு 21 வாட் பல்பு, இரண்டு மீட்டர் ஒயர், இரண்டு முதலைக் கிளிப் வாங்கி பல்பு விளக்கை நீயே செய். முதல் நோட்டு பாதி நிறைந்ததும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை கடைக்கு வா. பரணில் பழைய ஹார்னெஸ் ஒன்று கிடக்கிறது, அதில் மூன்று இடத்தில் கோளாறு செய்துவைக்கிறேன். நோட்டையும் பல்பையும் மறக்காமல் எடுத்து வா.